கெத்தில் வடிநிலத்தில் மழைநீர் தங்கும் இடம்: தோட்டக் கிணறுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவின் மூடா ஆறு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பின் நீரைத் திரட்டிக் கடலில் சேர்க்கிறது. பினாங்கு மாநிலம் தன் கச்சா நீரில் சுமார் 80 விழுக்காட்டை இந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது. 1970 முதல் கெடா மாநில நெல்வயல்களுக்குப் பாசனம் தரும் மூடா திட்டமும் இதன் தலைநீரை நம்பியிருக்கிறது. அதனால் இந்த ஆற்றைப் பற்றிய பேச்செல்லாம் அணை, தடுப்பணை, கச்சா நீருக்கான கட்டணம் என்று கீழ்நிலத்தையே சுற்றி வருகிறது. கோலா கெத்தில் அருகே இதனோடு கலக்கும் கெத்தில் ஆறு, மூடா வடிநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு உரியது. பாலிங் மலைகளில் பெய்யும் மழை எங்கே தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்வியிலிருந்தே இந்தக் கிளையாற்றின் வறட்சியையும் வெள்ளத்தையும் சேர்த்து விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் வாதம்.

வடிநிலத்தின் பாறைகள் ஒரே தன்மையுடையவை அல்ல. 1,801 மீட்டர் உயரமுள்ள குனோங் இனாஸ் நிற்கும் பிந்தாங் மலைத்தொடர் கிரானைட் பாறை. பாலிங் நகரை ஒட்டி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். கோலா கெத்தில் பக்கம் செமாங்கோல் படிவம் எனப்படும் பெர்மியன், டிரியாசிக் காலத்துப் படிவுப் பாறைகள் உள்ளன. அவற்றின் செர்ட் அடுக்குகளில் பழங்கடலின் நுண்ணுயிர் எச்சங்கள் கிடைக்கின்றன. ஆற்றோரங்களில் மணலும் சரளையும் கலந்த வண்டல். கெட்டியான கிரானைட்டில் நீர் தங்க இடமில்லை. வெப்பமண்டல மழையில் மட்கி அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கும் சிதைவு மண்தான் மழையை வாங்கி வைத்து, மழையற்ற மாதங்களில் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. ஒரு பகுதி பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கும் இறங்குகிறது. உலு லெகோங் வெந்நீர் ஊற்று இதற்குச் சான்று. அங்கே எரிமலை எதுவும் இல்லை. ஆழத்துக்குப் போன மழைநீரே பூமியின் வெப்பம் ஏறித் திரும்பி வருகிறது.

பால்மரத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு நிலத்தடி நீரின் வேதியியல் நன்கு பழக்கமானது. இறைக்கும்போது தெளிவாக இருக்கும் கிணற்று நீர், வாளியில் சற்று நேரம் நின்றால் மேலே மஞ்சள் ஏடு படரும். அடியில் செம்மண் நிறத்தில் கசடு தங்கும். வெள்ளைச் சட்டை பழுப்பேறும். ஆக்சிஜன் குறைந்த நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிவதே காரணம். இத்தகைய நீரைக் குறை சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த இரும்பு, நீர் மண்ணுக்குள் காற்றுப் படாமல் தங்கி வந்ததைக் காட்டும் தடயமும்கூட.

ஆற்றை அளந்ததிலும் தோட்டங்களுக்குப் பங்குண்டு. மூடா ஆற்றின் முக்கிய நீரளவு நிலையம் ஒன்றின் பெயரே லாடாங் விக்டோரியா, அதாவது விக்டோரியா தோட்டம். தோட்ட எழுத்தர்களான கிராணிகள் நாள்தோறும் மழைமானி பார்த்து ஏட்டில் பதிந்தார்கள். பால்மரத் தோட்டங்களின் தொடக்க காலத்தில் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாகக் களையெடுத்ததால் மேல்மண் பெருமளவு அரித்துப் போனது. அந்தப் பாடத்துக்குப் பிறகே மூடுபயிரும், சரிவுக்குக் குறுக்கே வெட்டும் மண்குழிகளும், படிக்கட்டு நிரைகளும் வழக்கமாயின. அவற்றை வெட்டியும் பராமரித்தும் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். நீர் மேலாண்மை வரலாற்றில் அந்த உழைப்புக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் பக்கமிருந்து வந்த திடீர் வெள்ளம் சேற்றையும் மரக்கட்டைகளையும் அடித்துக்கொண்டு கூப்பாங் வட்டாரத்தில் பாய்ந்தது. மூவர் உயிரிழந்தனர். மலையில் டுரியான் பயிரிடக் காடு திருத்தியதுதான் காரணமா என்ற விவாதம் நாடு முழுவதும் எழுந்தது. கடுமழையில் கன்னிக் காடுள்ள செங்குத்துச் சரிவும் சரியும். இந்த எதிர்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி விடைதான். வேர்ப்பிடிப்பை இழந்து, பாதை வெட்டி அடிவாரம் அறுபட்ட சிதைவு மண், அதே மழையில் இன்னும் எளிதாகச் சரிகிறது.

காட்டை அழித்தால் ஆற்றில் நீர் கூடுகிறது என்று காட்டும் ஆய்வும் உண்டு. பகாங்கின் சுங்கை தெக்காம் சோதனை வடிநிலத்தில் காடு செம்பனையாகவும் கொக்கோவாகவும் மாறியபோது நீர்வரத்து உயர்ந்தது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக விடுவது குறைந்ததே காரணம். இதை ஆதாயமாகக் கொள்வது பிழை என்பேன். ஆண்டு மொத்தத்தைவிட, வறண்ட மாதங்களில் வரும் அடிநீரோட்டமே குடிநீருக்கும் நாற்றங்காலுக்கும் முக்கியம். மண் இறுகி நீர் உள்ளிறங்காமல் போகும் இடத்தில், கூடிய நீர் வெள்ளமாகவே கழியும்.

ஆற்றுமணல் அள்ளுவதும் இதே கணக்கில் சேரும். படுகை தாழ்ந்தால் கரையோர வண்டலின் நீர்மட்டம் ஆற்றுப் பக்கம் வடிந்து தாழும். ஆழமற்ற கிணறுகள் முதலில் வற்றும்.

நீர்வளம் மாநில அதிகாரத்தில் உள்ளது. கெடாவில் 2007-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டமும் இருக்கிறது. எனவே கெத்தில் வடிநிலத்தைத் தனி அலகாகக் கொண்டு, சரிவு நிலங்களில் நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புகளாக மாறும்போது பழைய கிணறுகளைத் தூர்த்து விடுகிறார்கள். மழைப் பதிவேடுகள் பழைய காகிதத்தோடு போகின்றன. எஞ்சியிருக்கும் கிணறுகளைக் கணக்கெடுத்து, மாதம் ஒருமுறை நீர்மட்டமும் இரும்பளவும் பதியும் பணியைக் கெடாவின் பல்கலைக்கழகங்கள் உடனே தொடங்க வேண்டும். கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் பணிபுரிந்த குடும்பங்கள் தங்களிடமுள்ள ஏடுகளையும், கிணறு இருந்த இடம் பற்றிய நினைவுகளையும் ஆய்வாளர்களுக்குத் தந்து உதவ வேண்டுகிறேன்.