பதம் தவறிய பதம்

ஃபட்ஜ் என்ற இனிப்பின் பெயரைக் கேட்டதும் இன்று நாவூறுகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே சொல்லைக் கேட்டவருக்கு முகம் சிவந்திருக்கும். ஆலிவர் கோல்டுஸ்மித்தின் ‘தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ நாவலில் (1766), சீமாட்டிகளைப் போல நடிக்கும் இரு பெண்கள் அளக்க அளக்க, பர்ச்செல் என்பவர் பேச்சுக்குப் பேச்சு ‘ஃபட்ஜ்’ என்கிறார். வெறும் பிதற்றல் என்று பொருள். அதற்கும் முன்னே, ‘பொருந்து’ என்ற பொருளுடைய ‘ஃபேட்ஜ்’ திரிந்து, ‘எப்படியோ ஒப்பேற்று’ என்றாகியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. கணக்கைத் திரித்துக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் இன்றும் இதே வினைதான்.

ஒப்பேற்றலைக் குறித்த சொல் ஒரு மிட்டாய்க்கு எப்படிப் பெயரானது? கெட்டுப்போன கேரமல்தான் ஃபட்ஜ் ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. கதை இனிக்கிறது, சான்று இல்லை. சான்றாக நமக்குக் கிடைப்பது ஒரு கடிதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மளிகைக் கடையொன்றில் 1886இல் பவுண்டு 40 சென்டுக்கு ஃபட்ஜ் விற்றதாக எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்பவர் அதில் எழுதுகிறார். பள்ளித் தோழியிடம் செய்முறையை வாங்கிக்கொண்டு, நியூயார்க் மாநிலத்து வாஸர் பெண்கள் கல்லூரிக்குப் போனார். 1888இல் அங்கு நடந்த ஏலத்துக்கு 30 பவுண்டு கிண்டியிருக்கிறார், நம் கணக்கில் பதின்மூன்றரைக் கிலோ! பிற பெண்கள் கல்லூரிகளுக்கும் அது பரவியது. ஸ்மித் கல்லூரியினர் பழுப்புச் சர்க்கரையும் கழிவுப்பாகும் சேர்த்தார்கள்.

பெயர் எப்படியிருந்தாலும், இந்த இனிப்பை ஒப்பேற்ற முடியாது. சர்க்கரை, பால், வெண்ணெய், சாக்லேட் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 114 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருள வேண்டும். அதிரசப் பாகுக்கு நம் பாட்டிமார் பார்த்த சோதனையேதான். அதன்பின் 45 டிகிரி அளவுக்கு ஆறும்வரை கரண்டியைத் தொடவே கூடாது. சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகங்களாகி நறநறக்கும். ஆறவிட்டு விடாமல் அடித்தால் படிகங்கள் நாவுக்குத் தட்டுப்படாத பொடியாகும். நறநறப்புக்கும் வழவழப்புக்கும் நடுவே இருப்பது அந்தக் காத்திருப்பு மட்டுமே. சரியான அந்தப் பக்குவத்தைத்தான் நாம் பதம் என்கிறோம். ‘சொல்’ என்பதற்கும் தமிழில் பதம் என்றே பெயர் இருப்பதை நினைத்து எனக்கு வியப்பு தீரவில்லை.

அந்தப் பதத்தைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மெக்கினா தீவில் 1887இல் மர்டிக் குடும்பத்தார் மிட்டாய்க் கடை போட்டார்கள். கொதித்த பாகைச் சலவைக்கல் மேடையில் ஊற்றி ஆறவிட்டு, ஓரம் வழியாமல் நீண்ட கரண்டியால் மடித்து மடித்து, மினுமினுப்பு மங்கும் நேரத்தில் பாளமாகத் திரட்டும் வேலையை அந்தத் தீவின் கடைகளில் இன்றும் வாடிக்கையாளர் கண்முன்னே செய்கிறார்கள். மோட்டார் வண்டி ஓடாத தீவு அது. குதிரை வண்டியிலும் மிதிவண்டியிலும் சுற்றிப் பார்த்துவிட்டு, கையில் ஃபட்ஜ் பெட்டியோடு படகேறும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபட்ஜிகள்’.