நிறக் கட்டங்களில் மரபணுக்கள்: ஓர் ஒப்பீட்டு முறையின் வரலாறு

ஒருவருடைய தோலின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே மரபணுக்களே. ஆயினும் இரண்டும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. எந்த மரபணு எந்த அளவுக்குச் செயற்படுகிறது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அச்செயற்பாட்டை மரபணு வெளிப்பாடு என்பர். அதனை அளப்பதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது; அளந்தவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு படம் தேவைப்பட்டது.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணாடித் தகட்டில் மரபணுத் துண்டுகளைப் புள்ளிகளாகப் பதித்து, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றின் 45 மரபணுக்களை ஒரே வேளையில் அளந்து காட்டினர். இரண்டே ஆண்டுகளில், ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,400 மரபணுக்களையும் அவ்வாறே அளக்க முடிந்தது. எண்கள் குவிந்தன. ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையைப் படித்துப் பொருள் காண்பது எவருக்கும் இயலாததாயிற்று.

1998ஆம் ஆண்டில் மைக்கேல் ஐசனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒவ்வோர் எண்ணுக்கும் மாற்றாக ஒரு நிறக் கட்டத்தை அமைத்தனர். வெளிப்பாடு கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை, மாறாதிருந்தால் கறுப்பு. பின்னர், ஒத்த போக்குடைய மரபணுக்கள் அருகருகே அமையுமாறு வரிசைகளை மாற்றி அடுக்கினர். நிறமிட்ட அட்டவணை அன்று முற்றிலும் புதியதன்று; 1873ஆம் ஆண்டிலேயே டூசான் லுவா என்பவர் பாரிசு நகரின் 20 வட்டாரங்களை இவ்வாறு ஒப்பிட்டிருந்தார்.

புதிய படத்தின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டில், ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயின் மாதிரிகளை இம்முறையில் அடுக்கியபோது, அவை இரு குழுக்களாகப் பிரிந்தன. ஒரு குழுவின் நோயாளிகள் மற்றக் குழுவினரைவிட நெடுநாள் உயிர்வாழ்ந்தனர். நுண்ணோக்கியில் ஒன்றாகத் தோன்றியது, நிறக் கட்டங்களில் இரண்டாயிற்று.

எனினும், அருகருகே அமைந்தவை யாவும் உறவுடையவை ஆகா. மனிதனின் இதயத்திற்கு நெருக்கமானது எலியின் இதயமா, மனிதனின் ஈரலா? 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மனித உறுப்புகள் ஒருபுறமும் எலியின் உறுப்புகள் மறுபுறமும் திரண்டன. உறுப்பினும் இனமே முதன்மையானது என்பது அதன் முடிவு. மறு ஆண்டில் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனித் தொகுதிகளாகவே கருவியில் படிக்கப்பட்டிருந்ததை அவர்கள் கண்டனர். அத்தொகுதி வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கியபோது, மாதிரிகள் உறுப்புவாரியாகச் சேர்ந்தன. ஆனால், இனமும் தொகுதியும் பின்னிக் கிடந்தமையால், அவ்வாறு நீக்கும்போது இனத்தின் உண்மையான வேறுபாடும் உடன் நீங்கக்கூடும். எது எவ்வளவு என்று பின்னர் பிரித்தறிவது அரிது.

ஆகவே, இத்தகைய படத்தைக் காணும் மாணவர்கள் அதன் அழகில் நின்றுவிடாது, மாதிரிகள் எந்நாளில், எக்கருவியில், எவற்றோடு சேர்த்து அளக்கப்பட்டன என்று வினவுதல் வேண்டும். அதற்குரிய விடை ஆய்வு தொடங்குமுன்பே, மாதிரிகளைக் கலந்து அடுக்கும் திட்டத்தில் அமைந்திருத்தல் வேண்டும். பின்னர் தீட்டும் எந்த நிறமும் அக்குறையை ஈடுசெய்யாது.