வெளியூர் ரசிகனின் கல்கத்தா

சென்னை அணியின் நீலச் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கொல்கத்தாவுக்கு ரயிலேறவிருந்த என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். "ஆட்டம் ராத்திரிதான் ஐயா. பகல் முழுக்கச் சும்மாதான் இருப்போம். என்ன பார்க்கலாம்?"

விக்டோரியா நினைவகம், ஹவுரா பாலம், காளிகாட், தட்சிணேஸ்வரம் என்று வாய்க்கு வந்த வரிசையைச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "இதெல்லாம் இணையத்துலயே இருக்கு ஐயா. கால்பந்து பார்க்கப் போறவன் பார்க்கவேண்டியது எது?" என்றான்.

நியாயமான கேள்வி. கோயிலுக்குப் போகிறவனுக்குத் தலபுராணம் சொல்கிறோம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற ரசிகனும் ஒருவகை யாத்திரிகன்தான். அவனுக்கும் ஒரு தலபுராணம் வேண்டும் அல்லவா? அன்றிரவு அவனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் விரிவே இக்கட்டுரை.

கல்கத்தாவின் கால்பந்து வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க்காரன் யார், வெளியூர்க்காரன் யார் என்ற கேள்விதான் அந்த நகரத்தின் கால்பந்தை உருவாக்கியது. அந்நியச் சட்டை அணிந்து அங்கே போய் நிற்பவன் அந்தக் கதைக்குப் புறம்பானவன் அல்லன். அதன் மையப் பாத்திரமே அவன்தான்.

*

ஹவுராவில் இறங்குபவர்கள் இப்போது ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவில் எஸ்பிளனேடு வந்துவிடலாம். 2024இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கப்பாதை ஹூக்ளி நதியைச் சில வினாடிகளில் கடந்துவிடுகிறது. வெளியே வந்து மேற்காக நடந்தால் மைதானம் தொடங்குகிறது.

'மைதானம்' என்ற சொல்லைத் தமிழில் எந்த விளையாட்டுத் திடலுக்கும் சொல்கிறோம். பாரசீக வழியாக நம்மிடம் வந்த சொல் அது. கல்கத்தாவிலோ அது ஒரே ஓர் இடத்தின் பெயர். அந்தப் பசும்பரப்பு விளையாட்டுக்காக உண்டானதன்று. 1756இல் நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றினார். மறு ஆண்டு பிளாசியில் அவரை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1758இல் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. அதற்காகக் கோவிந்தபூர் என்ற கிராமம் அப்புறப்படுத்தப்பட்டது. கோட்டையைச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. பீரங்கிக் குண்டின் பாதையில் மரமோ வீடோ மறைப்பாக நிற்கக் கூடாது என்பதே காரணம். குண்டு பாய்வதற்காக வெறுமையாக்கப்பட்ட நிலத்தில்தான் பின்னாளில் பந்து பறந்தது.

கோட்டை இன்றும் ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம். அண்மையில் அதற்கு விஜய் துர்க் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மைதானமும் ராணுவத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. நூறாண்டு கடந்த கழகங்களின் அலுவலகங்கள்கூட அங்கே 'டென்ட்' என்றே அழைக்கப்படுவதன் பொருள் இதுதான். கோப்பைகளும் புகைப்படங்களும் நிரம்பிய கட்டடத்தைக் காட்டி 'கூடாரம்' என்பார்கள். சொந்த நிலமில்லாத குடித்தனம் அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களின் கூடாரங்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

பார்க்கும்போது கோட்டைப் பக்கத்துச் சரிவையும் கவனிக்கச் சொன்னேன். நுழைவுச்சீட்டு வாங்க முடியாதவர்கள் பல தலைமுறைகளாக அந்த மேட்டில் நின்றுதான் ஆட்டம் பார்த்தார்கள். ஏழை ரசிகனின் பால்கனி அது.

*

இந்த மைதானத்தில் 1911 ஜூலை 29 அன்று நடந்த ஆட்டத்தைப் பற்றி அறியாமல் யாரும் கொல்கத்தாவில் கால்பந்து பேச முடியாது. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப்போட்டி. கல்கத்தா கால்பந்து கழகத்தின் திடல். ஒருபுறம் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு. மறுபுறம் மோகன் பகான். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். காலணி அணிந்திருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான்.

கூட்டம் 60,000 என்றும் அதற்கு மேல் என்றும் பலவாறாகச் சொல்வார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து ரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோரால் ஆட்டத்தைக் காணவே முடியவில்லை. கோல் நிலவரத்தைக் காற்றாடிகளில் எழுதிப் பறக்கவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் வானத்தைப் பார்த்து ஆட்டம் அறிந்தார்கள்.

முதல் கோலை ராணுவ அணி அடித்தது. மோகன் பகானின் தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலால் மோகன் பகான் இரண்டுக்கு ஒன்று என வென்றது. இந்திய அணி ஒன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதல்முறை. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தானது. தலைநகரம் தில்லிக்குப் போகும் என்ற அறிவிப்பும் அங்கேயே வந்தது. இரண்டையும் அந்த வெற்றியோடு முடிச்சுப் போடும் ரசிகர்கள் உண்டு. வரலாற்று மாணவன் அந்த முடிச்சை ஐயத்தோடுதான் தொடவேண்டும். ஆனால் ஒன்று உறுதி. சொந்த நகரத்தின் நடுவே, அந்நியரின் திடலில், வேலிக்கு வெளியே நின்ற அந்தப் பெருங்கூட்டம் அன்று ஒரு வெளியூர் அணியின் ரசிகர் கூட்டமாகவே இருந்தது.

*

எஸ்பிளனேடிலிருந்து வடக்கே செல்லும் மெட்ரோவில் ஏறி ஷியாம்பஜாரில் இறங்கினால் வேறொரு கல்கத்தா. மரச்சட்டக் கதவுகள், இரும்புக் கம்பி மாடங்கள், திண்ணையில் ஓயாத அரட்டை. ஃபரியாபுகூர் பகுதியில் மித்ரா குடும்பத்தாரின் 'மோகன் பகான் வில்லா' என்ற மாளிகையைச் சுற்றி 1889 ஆகஸ்ட் 15இல் ஒரு கழகம் உருவாயிற்று. அந்தப் பெயரைத் தாங்கிய சந்து இன்றும் இருக்கிறது. கழகங்கள் பெரும்பாலும் ஊரின் பெயரைத் தாங்கும். இது ஒரு வீட்டின், ஒரு தோட்டத்தின் பெயரைத் தாங்கியது. வீடு உள்ளவர்களின் கழகம் என்று சொல்லலாம்.

வீடு இழந்தவர்களின் கழகம் பின்னால் வந்தது. 1920 ஜூலை 28. மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்காமல் களமிறங்கியது. அவர் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதாலேயே ஒதுக்கப்பட்டார் என்று கருதிய துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கழகத்திலிருந்து வெளியேறினார். சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் பிறந்தது.

மேற்கு வங்கத்துப் பூர்வகுடியை 'கொட்டி' என்றும் கிழக்கிலிருந்து வந்தவரை 'பாங்கால்' என்றும் சொல்வார்கள். சமையலையும் பேச்சையும் வைத்துச் செய்த கேலி அது. 1947க்குப் பிறகு அது கேலியாக மட்டும் இருக்கவில்லை. லட்சக்கணக்கானோர் எல்லை கடந்து அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். 1955இல் கிழக்கு வங்காளம் என்ற மாகாணப் பெயரும் போய்க் கிழக்குப் பாகிஸ்தான் ஆயிற்று. 1971இல் வங்கதேசம். வரைபடத்திலிருந்து அழிந்துபோன ஒரு நாட்டின் பெயர் கால்பந்துக் கழகம் ஒன்றில் உயிரோடு மிஞ்சியது. சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பெயரை உரக்கக் கத்தியவர்கள் எதை அழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் வரலாறு இந்தக் கோட்டையும் நேராகப் போட விடுவதில்லை. ஈடன் கார்டன்ஸ் எதிரே கோஷ்ட பால் சிலை நிற்கிறது. மோகன் பகானின் தடுப்பாட்ட வீரர். 'சீனப் பெருஞ்சுவர்' என்று புகழப்பட்டவர். 1962இல் பத்மஸ்ரீ பெற்றவர். 'வீடு உள்ளவர்களின்' கழகத்துக்குச் சுவராக நின்ற அவர் பிறந்ததோ கிழக்கு வங்கத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்தில். 1911இன் பதினொருவரிலும் பலர் கிழக்கத்தியரே. எதிரியின் ஊரார் இல்லாமல் நம் பெருமையை எழுத முடியாது என்பதற்குக் கல்கத்தாவே சாட்சி.

*

மைதானத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். கூடாரங்களுக்கு அருகே மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற முதியவர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். "அப்படியானால் நீங்கள் எங்கள் ஆள்" என்றார். நான் விழித்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான்."

1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவர் இவர்கள். பஞ்ச பாண்டவர் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். பெங்களூர், காக்கிநாடா, கேரளம் என்று ஐவருமே தென்னாட்டிலிருந்து போனவர்கள். 1949, 50, 51 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த அணி கேடயத்தை வென்றது. ஊரை இழந்து வந்தவர்களுக்கு, மொழி தெரியாத ஐவர் கோல் அடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் வெளி மாநில வீரர்களைத் தேடிச் சேர்த்த அணிதான். முதியவர் தேநீருக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அந்த ஐவரின் கடனை என்னிடம் தீர்த்தார் போலும்.

*

இந்தத் தலபுராணத்தில் ஓர் இருண்ட அத்தியாயமும் உண்டு. மாணவனிடம் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய லீக் ஆட்டம். திடலில் எழுந்த உரசல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. கல்வீச்சு, அடிதடி, தப்பி ஓடும் நெரிசல். 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளைக் கால்பந்து ரசிகர் தினமாக அனுசரித்து ரத்ததானம் செய்கிறார்கள். சிந்திய ரத்தத்துக்கு ஈடாகக் கொடுக்கும் ரத்தம். எந்த அணியின் ரசிகனுடையது என்று அதில் எழுதியிருப்பதில்லை.

ஈடன் கார்டன்ஸைக் கிரிக்கெட் கோயிலாகவே நாம் அறிவோம். 1977இல் பெலே காஸ்மாஸ் அணியுடன் வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடியதும் அங்கேதான். வெளியூர் ரசிகன் அந்த மதிலைக் கடக்கும்போது அந்தப் பதினாறு பேரை ஒரு கணம் நினைக்கட்டும். சட்டையைப் பகல் முழுக்கப் பையிலேயே வைத்திருந்து, உங்களுக்கென ஒதுக்கிய பகுதிக்குள் நுழைந்தபின் அணியுங்கள் என்று நான் எழுதியது கோழைத்தனத்தால் அன்று.

*

மாலையில் எஸ்பிளனேடிலிருந்து நேராகவே சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையம் வரை மெட்ரோவில் போகலாம். 2025 ஆகஸ்டில் அந்த வழி முழுமையாகத் திறந்துவிட்டது. 'உப்பு ஏரி' என்ற பெயர் அணிகலன் அன்று. அங்கே உண்மையிலேயே நீர் இருந்தது. 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் கொண்டுவந்து சதுப்பு நிலத்தைத் தூர்த்து அந்த நகரை எழுப்பினார்கள். 1984இல் அரங்கம் திறந்தது. அதன் முழுப்பெயர் விவேகானந்த யுவபாரதி கிரீடாங்கன். 1997 ஜூலை 13இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் 1,31,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்று என மோகன் பகானை வென்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்பது அவ்வூர் வழக்கு. தோற்றவர் வீட்டில் எதை உண்பார்கள் என்று வழக்கு எதுவும் சொல்வதில்லை.

அரங்கத்தின் உள்ளே நடந்தவற்றைவிட வெளியே நடந்த ஒன்றே என் நினைவில் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊர் கொதித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டமில்லாத அந்த மாலையில் ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்தார்கள், நீதி கேட்க. பச்சை-மெரூனும் சிவப்பு-மஞ்சளும் கறுப்பு-வெள்ளையும் ஒரே சாலையில் நின்றன. காவலர்களின் தடியடியும் நடந்தது. ஒரு கழகத்தின் சட்டையணிந்தவனை மற்றதன் சட்டையணிந்தவன் தோளில் தூக்கி நிற்கும் படம் நாடெங்கும் பரவியது. நூறாண்டுப் பகை என்று நாம் படிப்பதன் அடியில் என்ன இருந்தது என்பதை அந்தப் படம் காட்டியது. இவ்வளவு காலம் எதிரெதிரே நின்றவர்கள்தாம் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.

*

மாணவன் திரும்பி வந்ததும் அழைத்தான். அணி தோற்றுவிட்டதாம். கோஷ்ட பால் சிலையருகே எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். சொன்னபடி சட்டை பைக்குள் இருந்திருக்க வேண்டும். படத்தில் அது கண்ணில் படவில்லை.

"ஒண்ணு கேக்கணும் ஐயா" என்றான். "அவங்க ஆளுங்க இங்க மேட்ச் பார்க்க வர்றப்போ நாம எதைக் காட்டறது?"

மெரினா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். காகிதம் எடுத்து ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். வியாசர்பாடியின் கால்பந்துத் தெருக்கள் என்ற முதல் வரியோடு அது நிற்கிறது. மீதியை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.