கிர்ஸ்டன் 188*

1997 மே மாதம். அப்பாவுக்கு சிப்காட்டில் நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் பாத்திரம்கூட உருளக்கூடாது. அதனால் கோடை விடுமுறை முழுக்க நாங்கள் நாலு பேரும் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தோம், கையில் ஒரு கட்டு டிரம்ப் கார்டோடு.

தொண்ணூறுகளில் பள்ளிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கிரிக்கெட் வீரரின் படம், கீழே மேட்ச், ரன், ஹையஸ்ட் ஸ்கோர், சராசரி, விக்கெட், பெஸ்ட் பவுலிங், கேட்ச். கட்டைக் கலைத்துச் சமமாகப் பிரிக்க வேண்டும். மேலே இருக்கும் ஓர் அட்டையை மட்டும்தான் பார்க்கலாம். முறை யாருடையதோ அவன் ஏதாவது ஒரு வரியைச் சொல்வான். அந்த வரியில் யாருக்கு எண் பெரியதோ, எல்லா அட்டையும் அவனுக்கு. கடைசியில் முழுக் கட்டும் ஒருவன் கைக்குப் போகும். இதில் மல்யுத்த வீரர்கள் கட்டும் உண்டு. எடையும் நெஞ்சளவும் போட்டிருக்கும். அதுவும் ஆடினோம், ஆனால் சண்டை வந்ததெல்லாம் கிரிக்கெட் கட்டில்தான். அம்மாவுக்கு எல்லாமே சீட்டுதான். "இப்பவே சீட்டாடக் கத்துக்க, அப்புறம் ரயில்ல ரம்மி ஆடு" என்பாள். அது அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னது.

இந்த அட்டைக்குப் பழைய வேர் இரண்டு. ஒன்று சிகரெட். மெல்லிய காகிதப் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். பிறகு அதிலேயே படம் அச்சிட்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி 1896-ல் 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது. முழுத் தொகுப்பும் சேர வேண்டுமென்றால் அப்பா அதே சிகரெட்டைத்தான் புகைக்க வேண்டும். சரியாக 100 வருடம் கழித்து, 1996-ல், இங்கே நடந்த உலகக் கோப்பைக்கு வில்ஸ் உலகக் கோப்பை என்றே பெயர். எங்கள் கட்டு அந்த உலகக் கோப்பைக்குப் பின்னால் அச்சானது. வில்ஸ் சேர்ந்த இம்பீரியல் டொபேக்கோவின் இந்திய வாரிசான ஐ.டி.சி.க்கு, எங்கள் ரயில் பாதையிலேயே, திருவொற்றியூரில் அட்டைப்பெட்டி அச்சிடும் ஆலை இருக்கிறது.

இன்னொரு வேர் ஜெர்மனியின் குவார்டெட். ஒரே இனத்தில் நாலு அட்டை சேர்க்கும் குழந்தைகள் ஆட்டம் அது. போருக்குப் பிறகு கார், விமானம் என்று படம் மாறியபோது வேகமும் குதிரைத்திறனும் அட்டையில் ஏறின. எண் வந்ததும் சேர்ப்பது போய் ஒப்பிடுவது ஆட்டமானது. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் டாப் டிரம்ப்ஸ் என்ற பெயரில் அது பரவியது. நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு வந்தபோது யார் அச்சிட்டது என்ற விவரம்கூட இல்லாத மெல்லிய டப்பாவில் இருந்தது.

இப்போது நான் டேட்டாபேஸோடு பிழைப்பு நடத்துகிறேன். யோசித்தால் நான் பார்த்த முதல் டேட்டாபேஸ் அந்தக் கட்டுதான். முதல் பக் பெஸ்ட் பவுலிங். கும்ப்ளே 6/12, அக்கிப் ஜாவேத் 7/37, வால்ஷ் 5/1. அப்போதுதான் பின்னம் படித்திருந்த எங்களில் ஒருவன் 6/12 என்றால் அரை, 5/1 என்றால் ஐந்து, ஆகவே வால்ஷ்தான் பெரியவர் என்று சாதித்தான். முதலில் விக்கெட்டைப் பார், சமமாக இருந்தால் மட்டும் ரன்னைப் பார் என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு மத்தியானம் போனது.

ஹையஸ்ட் ஸ்கோரில் அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. கேரி கிர்ஸ்டன் 188*, உலகக் கோப்பையில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக அடித்தது. ரிச்சர்ட்ஸின் 189* உலக சாதனை, ஆனால் ரிட்டயர் ஆன அவர் எங்கள் கட்டில் இல்லை. கிர்ஸ்டன் கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம்.

மே 17 அன்று மும்பையில் ஜெயசூர்யா 151* அடித்தார். அட்டையில் அவருக்கு 140. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எப்படியும் கிர்ஸ்டனுக்குக் கீழேதான். மே 21 அன்று சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 146 பந்தில் 194. கால் பிடித்துக்கொண்டதால் அஃப்ரிதி அவருக்காக ஓடினார். திராவிடின் முதல் ஒருநாள் சதம் வந்தும் இந்தியா 35 ரன்னில் தோற்றது. மறுநாள் காலை அன்வர் அட்டை என் கையில் இருந்தது. "ஹையஸ்ட் ஸ்கோர், 194" என்றேன்.

கிர்ஸ்டனை வைத்திருந்தவன் முகாம் பையன். எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. கைக்குழந்தையாகப் படகில் வந்தவன் அவன். முரளிதரன் அட்டை வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பான். அவன் தன் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"அட்டையில என்ன கிடக்கு?"

"டேய், நேத்து நீயும்தானே டிவியில பார்த்த?"

"பார்த்தன். அட்டையில இல்லையே."

நான் உள்ளே போய்ப் பால்பாயின்ட் பேனா எடுத்து வந்து, அச்சான எண்ணை அடித்து 194 என்று அழுத்தி எழுதினேன். அவனுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ எழுதினா செல்லுமா? அப்ப நானும் எழுதுவன்" என்று கத்திவிட்டு எழுந்து போனான். முகாமில் பதிவு எடுக்கிற நாளில் அவன் பள்ளிக்கு வரமாட்டான். அன்றைக்கு ஆள் நேரில் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று வீட்டில் பயம். பெயரோ வயதோ தப்பாகப் பதிவாகியிருந்தால் அதைத் திருத்த அவன் அம்மா எத்தனை முறை நடந்தாள் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அட்டை என்பது திருத்தக்கூடிய பொருள். அந்த வருடம்தான் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. நோட்டு அட்டையில் பழைய மாவட்டத்தை அடித்துப் புதியதை நானே எழுதிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

பேனாவின் அழுத்தம் அட்டையின் பின்பக்கம் புடைத்துத் தெரிந்தது. அதன்பிறகு அன்வர் யார் கையில் இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். கட்டு கெட்டுப்போனது. அவன் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது முழுக் கட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். அது சமாதானமா வீம்பா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

சில வருடங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டி லோக்கலில் அவனைப் பார்த்தேன். பெயின்டிங் வேலை முடித்து வந்திருந்தான், முன்கையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். முகாமின் பெயரில் இப்போது மறுவாழ்வு என்று சேர்த்திருக்கிறார்கள் என்றான். பொன்னேரி தாண்டும்போது ரோஹித்தின் 264 பற்றிப் பேச்சு வந்தது. கட்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், மகன் ஆடுகிறானாம்.

"அன்வர்?" என்றேன்.

"அதை மட்டும் எடுத்து வச்சிட்டன். கிர்ஸ்டன்தான் இப்பவும் பெரிசு."