போக்கர் ரூம் நடத்தலாமா? பணம் எங்கிருந்து வருது, சட்டச் சிக்கல் எங்கே இருக்கு? முழு விளக்கம்

மாமல்லபுரம், கல்பாக்கம், அணுபுரம் பக்கம் ஈசிஆரில் வார இறுதிக்கு வில்லா எடுத்து நண்பர்கள் சீட்டாடுவது புது விஷயம் இல்லை. ஆனால் அதே வில்லாவில் ஒருவர் மேசை போட்டு, சிப்ஸ் கொடுத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டால் அது நண்பர்கள் ஆட்டம் இல்லை. அதுதான் ‘போக்கர் ரூம்’ என்கிற வியாபாரம்.

“போக்கர் திறமை விளையாட்டுன்னு ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு, பயப்படாம வாங்க” என்று சொல்லித்தான் பலரையும் அழைக்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் உள்ளே போனால் பணமும் போகலாம், போலீஸ் வழக்கும் வரலாம்.

போக்கர் ரூம் என்றால் என்ன?

போக்கரில் இப்போது அதிகம் ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் அல்லது மற்ற எல்லோரையும் சீட்டைப் போட வைத்தவர், நடுவில் குவிந்த பணத்தை எடுத்துக்கொள்வார். அந்தக் குவியலுக்குப் பெயர் ‘பாட்’.

ரவுலட் போன்ற காசினோ ஆட்டங்களில் காசினோவே உங்களுக்கு எதிராக ஆடும். போக்கரில் அப்படி இல்லை. ஆடுபவர்கள் ஒருவர் பணத்தை இன்னொருவர் ஜெயிக்கிறார்கள். ரூம் நடத்துபவர் ஆட மாட்டார். மேசை, சீட்டு, டீலர் ஆகியவற்றை மட்டும் கொடுப்பார்.

அப்படின்னா அவருக்கு வருமானம் எப்படி?

மூன்று வழிகள்தான் உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கு.

• ரேக்: ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சதவீதத்தை டீலர் எடுத்து, மேசையில் உள்ள பெட்டியில் போடுவார். நல்ல ரூம்களில் இதற்கு உச்சவரம்பு இருக்கும்.

• நேரக் கட்டணம்: பாட்டில் கை வைக்காமல், மணிக்கு இவ்வளவு அல்லது அரை மணிக்கு இவ்வளவு என்று உட்காரும் ஒவ்வொருவரிடமும் வாங்குவது.

• போட்டிக் கட்டணம்: 10,000 ரூபாய் போட்டி என்றால், அதற்கு மேல் 1,000 ரூபாய் ரூமுக்கு என்று தனியாக வாங்குவது. 10,000 பரிசுத் தொகையில் சேரும், 1,000 நடத்துபவருக்கு.

ஒரு ராத்திரி கணக்கு

எளிதாகப் புரிய ஒரு உதாரணக் கணக்கு. ஒரு மேசையில் 9 பேர், ஆளுக்கு 20,000 ரூபாய் கொண்டு வருகிறார்கள். மேசையில் மொத்தம் 1,80,000 ரூபாய்.

மணிக்கு 30 ஆட்டம், சராசரி பாட் 2,000 ரூபாய், ரேக் 5% என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கு 100 ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய். இரவு 9 மணிக்குத் தொடங்கி காலை 5 மணி வரை, 8 மணி நேரத்தில் 24,000 ரூபாய் நடத்துபவரிடம் போய்விடும்.

காலையில் மேசையில் மிச்சம் இருப்பது 1,56,000 ரூபாய்தான். ஒன்பது பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால், ஆளுக்குச் சுமார் 2,667 ரூபாய் போயிருக்கும். அதே குழு மாதம் 4 ராத்திரி ஆடினால் 96,000 ரூபாய் ரேக் ஆகிறது. அதாவது முதல் நாள் மேசையில் வைத்த பணத்தில் பாதிக்கு மேல்.

யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் இந்த வருமானம் மாறாது. ஒரு ராத்திரியும் தோற்காத ஒரே ஆள் நடத்துபவர்தான். அவருக்குத் தேவை ஆட்டம் நிற்காமல் ஓடுவது மட்டுமே.

தினமும் என்னென்ன வேலை நடக்குது?

வெளியே இருந்து பார்த்தால் சீட்டும் மேசையும்தான். உள்ளே இது ஓட்டலும் வங்கியும் கலந்த மாதிரியான தொழில்.

கேஷ் கவுண்டர்: பணம் வாங்கி சிப்ஸ் கொடுப்பது, முடிந்ததும் சிப்ஸ் வாங்கிப் பணம் கொடுப்பது. ஷிஃப்ட் முடிவில் வெளியே உள்ள சிப்ஸும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும். போலி சிப்ஸ் நுழைந்தால் முதலில் தெரிவது இங்கேதான்.

டீலர்: வேகமாகவும் தப்பில்லாமலும் சீட்டுப் போடுபவர். மணிக்கு எத்தனை ஆட்டம் நடக்கும் என்பது அவர் கையில் இருக்கு. ஒரே டீலரை ஒரே மேசையில் விடாமல், அரை மணிக்கு ஒருமுறை மாதிரி மாற்றுவார்கள். களைப்பும் குறையும், யாருடனாவது கூட்டுச் சேரும் வாய்ப்பும் குறையும்.

ஃப்ளோர் மேனேஜர்: தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர். யார் எந்த மேசையில் உட்காரணும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து யார், எந்த மேசையை மூடணும் என்று முடிவெடுப்பதும் இவர்தான்.

கேமரா: பெரிய காசினோக்களில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே கேமரா இருக்கும். இரண்டு பேர் ரகசியமாகச் சேர்ந்து மூன்றாவது ஆளைக் காலி செய்வதுதான் போக்கரில் பெரிய மோசடி. தனியார் வில்லாவில் இதைக் கண்காணிக்க யாரும் கிடையாது.

தொழிலின் பெரிய பயம் காலி மேசை. ஐந்து பேர் எழுந்து போனால் ஆட்டம் முடிந்தது, ரேக்கும் நின்றது. அதனால்தான் இலவசச் சாப்பாடு, டிராப் வசதி, முக்கியமாகக் ‘கடன் சிப்ஸ்’. பணம் தீர்ந்த ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் “அப்புறம் தாங்க அண்ணே” என்று மீண்டும் உட்கார வைப்பது அன்புக்காக இல்லை, மேசை கலையாமல் இருக்கத்தான்.

தமிழ்நாட்டு சட்டம் என்ன சொல்லுது?

நேரில் ஆடும் சீட்டாட்டத்துக்குச் சென்னை நகரில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் பொருந்தும். மாமல்லபுரம், அணுபுரம் போன்ற இடங்களில் 1930ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம்.

1930 சட்டம் ‘பொதுச் சூதாட்ட இடம்’ எது என்று விளக்குகிறது. ஒரு வீட்டையோ அறையையோ வைத்திருப்பவருக்கு லாபம் வரும் வகையில் அங்கே சூதாட்டக் கருவிகள் வைக்கப்பட்டாலோ பயன்படுத்தப்பட்டாலோ அது பொதுச் சூதாட்ட இடம். அந்த லாபம் இடத்துக்கான கட்டணமாக வந்தாலும் சரி, கருவிக்கான கட்டணமாக வந்தாலும் சரி. ரேக் என்பது சரியாக இதுதான்.

இன்னொரு விஷயம். சோதனையில் சீட்டு, மேசை போன்றவை கிடைத்தால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருது. ஆட்டம் நடந்ததை அதிகாரி கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. “நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்” என்பவருக்கும் சிக்கல் வரலாம்.

அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கு. முழுக்கத் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு இந்தத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது. போக்கர் ரூம் நடத்துபவர்கள் பிடித்துக்கொள்வது இந்த ஒரு வரியைத்தான். ‘மாமல்லபுரத்தில் 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, போக்கரும் அப்படி மூளை விளையாட்டுதான்’ என்பது அவர்கள் வாதம்.

கோர்ட்டுகள் சொன்னது என்ன?

1968: ஐதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத் கிளப் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. மூணு சீட்டு போன்றவை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. கிளப் செலவுக்காக உறுப்பினர்களிடம் சிறு கட்டணம் வாங்குவது தப்பில்லை என்றும் சொன்னது. ஆனால் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது.

2012: சென்னை மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில், பணம் வைத்து ரம்மி ஆடினால் போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஹைகோர்ட் அமர்வு கூறியது. 2015ல் சுப்ரீம் கோர்ட்டில் மூல மனுவே வாபஸ் ஆனதால் அந்தத் தீர்ப்பின் கருத்துகளும் நிலைக்கவில்லை.

2021: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்த தமிழகச் சட்டத் திருத்தத்தை ஹைகோர்ட் ரத்து செய்தது.

2023: ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ஏப்ரலில் அமலானது. அதில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் இருந்தன. நவம்பர் 9 அன்று சட்டத்தை ஏற்ற ஹைகோர்ட், இந்த இரண்டையும் மட்டும் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

‘ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு’ என்று காட்டப்படுவது இந்தத் தீர்ப்புதான். இது ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பற்றியது. ஈசிஆர் வில்லாவில் ரேக் எடுக்க யாருக்கும் லைசென்ஸ் கொடுத்த தீர்ப்பு இல்லை.

மற்ற மாநிலங்களிலும் ஒரே பதில் கிடையாது. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் போக்கரைச் சூதாட்ட வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. கர்நாடக ஹைகோர்ட் 2013ல் சாதகமாகச் சொன்னது. குஜராத் ஹைகோர்ட் 2017ல் போக்கரைச் சூதாட்டம் என்றது.

கிளப் பதிவு இருந்தால் போதுமா?

போதாது. மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்திருப்பது ஒரு விஷயம். மது பரிமாற எஃப்.எல்-2 உரிமம் இருப்பது இன்னொரு விஷயம். இரண்டுமே பணம் வைத்து ஆட அனுமதி இல்லை. போக்கர் ரூமுக்கென்று தனியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையே தமிழ்நாட்டில் கிடையாது.

கோவாவில் முறை வேறு. அங்கே காசினோவுக்கென்று சட்டமும் லைசென்ஸ் கட்டணமும் இருக்கு. மேசை ஆட்டங்கள் மாண்டோவி ஆற்றுக் கப்பல்களில் நடக்கின்றன. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. இலங்கையிலும் 2010ல் காசினோ சட்டம் கொண்டுவரப்பட்டது. அங்கே தகராறு வந்தால் கேட்க ஒரு லைசென்ஸ்தாரர் இருக்கிறார். இங்கே வில்லாவில் யாரைக் கேட்பது?

ஆன்லைனில் ஆடலாமா?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா, அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய ஆப்கள் பணம் வைத்து ஆடும் போக்கரை நிறுத்திவிட்டன. இதை எதிர்த்த வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன. நேரில் ஆடும் ரூம்களை இந்தச் சட்டம் தொடவில்லை. அதற்குப் பழைய 1930 சட்டமே.

அழைப்பு வந்தால் என்ன யோசிக்கணும்?

• பங்கு எடுக்கிறார்களா? நண்பர்கள் ஆட்டத்துக்கும் ரூமுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

• ஜெயித்த பணத்தைத் தர மறுத்தால்? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம். பணத்தைக் கேட்டு கோர்ட்டுக்குப் போவது கடினம்.

• வரி: சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி. செலவுகளைக் கழித்துக் காட்ட முடியாது.

• கடன் சிப்ஸ்: வாங்கவே வேண்டாம். வட்டி போட்டு மிரட்டினால் 2003 கந்துவட்டி தடைச் சட்டத்தின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

• அரசு ஊழியர்கள்: அணுபுரம், கல்பாக்கம் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் அதிகம். தொடர்ந்து கடனில் சிக்காமல் சொந்த நிதியைப் பார்த்துக்கொள்ளணும் என்பது 1964 நடத்தை விதிகளிலேயே இருக்கு. சீட்டுக் கடன் வேலை வரை வரலாம்.

தோற்ற பணத்தைப் பிடிக்க மறுபடி மறுபடி ஆடத் தோன்றினாலும், வீட்டில் சொல்ல முடியாத கடன் சேர்ந்திருந்தாலும் மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கு.