ஐம்பது மில்லிமீட்டரில் தொடங்கி

பழைய இரும்புக் கடையில் அந்த இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 எடைக்குக் கிடந்தது. டேங்க் இல்லை, முன் சக்கரம் இல்லை, சீட் இருந்த இடத்தில் கோழி இறகு. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். அடியில் 1.00 என்று பொறித்திருந்தது.

கோயம்புத்தூர் கணபதியில் முப்பத்தெட்டு வருடம் போரிங் மெஷின் முன்னால் நின்றவன் நான். எனக்கு அந்த எண் ஒரு ஜாதகம். கம்பெனியிலிருந்து வரும்போது அந்த சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50. கணக்குப் போட்டால் 98 சிசி. ஓடி ஓடிச் சுவர் தேய்ந்தால் பட்டறைக்கு வரும். பாயின்ட் டூ ஃபைவ் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவோம். அடுத்த முறை பாயின்ட் ஃபைவ், பிறகு பாயின்ட் செவன் ஃபைவ், கடைசியாக ஒன் எம்எம். அதற்கு மேல் லைனரில் சதை இருக்காது. ஆக, இந்த வண்டி முழுப் படியும் இறங்கி முடித்திருந்தது. 98 சிசியாகப் பிறந்தது 102 சிசியாகிக் குப்பைக்கு வந்திருக்கிறது.

கொடுத்த விலை ஆறாயிரம். என் தங்கை மகன் மண் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டான். "மாமா, புதுசு வாங்கற காசுக்கு நான் எங்க போறது?" என்றான். புதிதாக ஒரு மோட்டோகிராஸ் வண்டிக்குப் பல லட்சம் வேண்டும். எங்களிடம் மொத்தமாக இருபத்தைந்தாயிரம் இருந்தது. "டேய், இந்த ஊருல மண்ணுல ஓடுன வண்டி எல்லாமே இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றேன். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு லேத் வந்த கதை நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்தில் தொடங்குகிறது. 1932-இல் அங்கிருந்து மின்சாரம் இறங்கியது, மில்கள் பெருகின. மில்லுக்குத் தேவையான உதிரி பாகங்களை இங்கேயே செய்ய ஆட்கள் வந்தார்கள். பிறகு தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டார் பம்பு, ஆயில் என்ஜின். என்ஜின் என்று ஒன்று வந்துவிட்டால் சிலிண்டர் தேயும். தேய்ந்தால் கடைய ஒருவர் வேண்டும். நான் 1981-இல் ஐடிஐ முடித்துச் சேர்ந்தபோது பட்டறையில் கிடந்ததெல்லாம் பஸ், லாரி பிளாக்குகளும் கிர்லோஸ்கர் என்ஜின்களும்தான். இரண்டு சக்கரம் என்றால் புல்லட், யெஸ்டி, ராஜ்தூத். மேஸ்திரி எனக்கு முதலில் கொடுத்தது ராஜ்தூத் சிலிண்டர். "கெட்டாலும் கட்டுபடியாகும், அடி கண்ணு," என்றார். போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியிலிருந்து பிறந்த 175 சிசி அது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. எவ்வளவு கடைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் இரும்பு என்று மட்டும் தெரியும்.

1984-இல் ஓசூரிலிருந்து ஏஎக்ஸ்100 வந்தது. எடை குறைவு, ஒரே உதையில் கிளம்பும், பெட்ரோலில் ஆயிலைக் கலக்க வேண்டாம்; தனி டேங்கும் பம்பும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதுவரை பங்கில் நின்று ஆயில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மறு வருடம் யமஹா ஆர்எக்ஸ்100 வந்தது. பையன்கள் பைத்தியமானார்கள். ஆனால் எனக்கு இன்றைக்கும் ஏஎக்ஸ்தான். அது கத்தாமல் உழைக்கும்.

இந்த வண்டிகளைப் பந்தயத்துக்கு மாற்றியவர்கள் பணக்காரர்கள் அல்லர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தைப் பார்க்க ரயிலேறிப் போய் வந்தவர்கள். திரும்பி வந்ததும் மட்கார்டைக் கழற்றினார்கள், லைட்டைக் கழற்றினார்கள், பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டினார்கள், காலி மைதானத்தில் மண்ணைக் குவித்து மேடு கட்டினார்கள். சிலர் ஆயில் பம்பையும் கழற்றி வீசினார்கள். அந்த வண்டிகளில் பலவற்றின் என்ஜின்கள், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போய், சாக்குப்பையில் கட்டி எங்கள் மேஜைக்கு வந்தன.

சிலிண்டரைப் பார்த்தே ஓட்டியவனைச் சொல்லிவிடலாம். எக்ஸாஸ்ட் துளைப் பக்கம் நெடுங்கோடு விழுந்திருந்தால் சூடு. ஆயில் போதவில்லை, அல்லது கார்ப்ரேட்டரில் பெட்ரோல் குறைவு. இன்டேக் பக்கம் பிஸ்டன் பாவாடை மங்கலாக, சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் மண். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறான். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல்கள் உண்டு; ரிங் அவற்றின் மேல் ஏறி இறங்கும். கடைந்து முடித்தபின் ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும் அரத்தால் இழைத்துச் சாய்க்க வேண்டும். விட்டால் ரிங் மாட்டி உடையும். பத்து நிமிட வேலை, கூலியில் சேராது. அதைச் செய்கிற பட்டறையைத் தேடித்தான் ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அடுத்தது சைலன்சர். நடுவில் வயிறு பெருத்த அந்தக் குழாயை ஒரு கேஸ் வெல்டர் எங்கள் பட்டறை வாசலில்தான் செய்வார். செய்தித்தாளில் கூம்பு வெட்டி, தகட்டின் மேல் வைத்து வரைந்து, சுருட்டி ஒட்டுவார். யார் கண்டுபிடித்தது என்று அவரிடம் கேட்டால் "ஜப்பான்காரன்" என்பார். பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன், அது ஜப்பான் அல்ல. கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோபாவ் என்ற சிற்றூரில், எம்இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவில், வால்டர் காடன் என்ற என்ஜினியர் அதை முழுமையாக்கினார். வெளியேறும் புகையின் அலை விரியும் கூம்பில் பட்டு உறிஞ்சலாகத் திரும்பிப் புதுக் கலவையை இழுக்கிறது. குறுகும் கூம்பில் பட்டு அழுத்தமாகத் திரும்பி, வெளியே தப்பிய கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. ஒரு தகரக் குழாய், அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. நல்ல உலோகமும் பணமும் கிடைக்காத இடத்தில் அவர் 1961-இல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் காருக்குள் ஒளிந்து மேற்கே தப்பினார்கள். டெக்னர் அந்த வித்தையோடு சுசுகியில் சேர, 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. காடன் ட்ஷோபாவிலேயே இருந்துவிட்டார். எனக்கு அவரை நினைத்தால் மனது கனக்கும். சுசுகியின் பெயர் தாங்கி ஓசூரில் பிறந்த வண்டிக்கும், கணபதியில் செய்தித்தாளில் கூம்பு வெட்டிய கைக்கும், காணாமலே ஆசான் அவர்.

2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியது, நான்கு ஸ்ட்ரோக் பெருகியது. ஓசூரில் கூட்டாக வண்டி செய்துவந்த சுசுகியும் டிவிஎஸ்ஸும் 2001-இல் பிரிந்தன. பிளாக், பிஸ்டன், ரிங் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் கிட்டாக விற்கத் தொடங்கியதும் கடைவதற்கு ஆள் வரவில்லை. 2019-இல் எங்கள் போரிங் மெஷினும் எடைக்குத்தான் போனது.

தங்கை மகனின் வண்டிக்கும் கிட் போட்டிருக்கலாம். நான் ஒப்பவில்லை. ஆவாரம்பாளையத்தில் இன்னும் மூடாமல் இருக்கும் ஒரு பட்டறைக்கு சிலிண்டரை எடுத்துப் போனேன். கழற்றும் முன் பழைய லைனருக்குள் வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டி நுழைத்து, கரி தோய்ந்த விரலால் தேய்த்தேன். ஜன்னல்களின் உருவம் அப்படியே பதிந்தது. அலுமினியத்தைச் சூடாக்கிப் பழைய லைனரை அழுத்தி எடுத்து, வார்ப்பிரும்பில் புதுசு கடைந்து இறக்கினோம். காகிதத்தை வைத்து ஜன்னல்களை வெட்டி, விளிம்புகளை நானே இழைத்தேன். கை நடுங்கியது, இரண்டு மணி நேரம் ஆனது. லைனருக்கும் கூலிக்கும் மூவாயிரத்து இருநூறு, பிஸ்டன் செட் ஆயிரத்து நூறு. டேங்க், சக்கரம், கிராங்க் பேரிங், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து இருபத்துமூன்றாயிரத்தில் முடிந்தது. ஆயில் பம்பைக் கழற்ற விடவில்லை. காற்று வடிகட்டியையும்தான்.

மூன்றாவது உதையில் கிளம்பியது. பையன் ஆக்சிலேட்டரை முறுக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும், அணைத்து ஆறவிடு, மறுபடி பத்து நிமிடம் என்றேன். வேப்பமரத்தடியில் நீலப் புகை தேங்கி நின்றது. அது ஆறும் நேரத்தில் பட்டறைக் காலத்து நோட்டை எடுத்து, 2019-க்குப் பிறகு வெறுமையாகக் கிடந்த பக்கத்தில் தேதியைப் போட்டு, வண்டிப் பெயருக்கு எதிரே எழுதினேன்: 50.00.