நூறு பவுண்டு நாய்

பழைய இசைத்தட்டின் நடுவட்டத்தில் குழாய் முன்னால் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய்க்கு, 1899ஆம் ஆண்டில் மட்டும் நினைவுநாள்கள் நான்கு. பிப்ரவரி 11 அன்று ஃபிரான்சிஸ் பாராட் என்ற லண்டன் ஓவியர் அந்தப் படத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மே 31 அன்று மெய்டன் லேன் தெருவிலிருந்த கிராமபோன் கம்பெனிக்குப் போய், ஒரு பித்தளைக் குழாயை இரவல் கேட்டார். செப்டம்பர் 15 அன்று கம்பெனி விலை சொல்லிக் கடிதம் எழுதியது. அக்டோபர் 4 அன்று கம்பெனியின் ஆள் வந்து, திருத்தி எழுதப்பட்ட படத்தைப் பார்த்தார், பேரம் முடிந்தது. எச்.எம்.வி. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் சரித்திரத்தில் இந்த நான்கு தேதிகளையும் ஒரே படத்தின் கணக்கில்தான் எழுதுகிறார்கள். ஆனால் பிப்ரவரியில் இருந்த படமும் அக்டோபரில் விற்ற படமும் ஒன்றல்ல. நாய் அதேதான். அது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மாறிவிட்டது.

நாயின் பெயர் நிப்பர். 1884இல் பிரிஸ்டலில் பிறந்த கலப்பு டெரியர். வீட்டுக்கு வருபவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வும் குணத்தால் வந்த பெயர் அது. முதலில் அதை வளர்த்தவர் ஃபிரான்சிஸின் அண்ணன் மார்க். நாடகக் கொட்டகைக்கு சீன் எழுதுபவர். 1887இல் மார்க் இறந்ததும் தம்பி நாயைத் தன்னோடு லிவர்பூலுக்கு அழைத்துப் போனார். 1895 செப்டம்பரில் லண்டனை அடுத்த கிங்ஸ்டனில் அது செத்தது. ஒரு மல்பெரி மரத்தடியில் புதைத்தார்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் ஒரு வங்கிக் கட்டடம் எழுந்தது. பக்கத்துச் சந்துக்கு 2010இல் நிப்பரின் பெயர் வைத்தார்கள்.

பாராட் படத்தை வரைந்தது நாய் செத்த பிறகு, நினைவிலிருந்து. போனோகிராஃப் கருவியின் குழாயருகே போய், குரல் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் தலை சாய்த்துக் கேட்கும் நாயை அவர் பார்த்திருந்தார். காப்புரிமை விண்ணப்பத்தில் கொடுத்த தலைப்பு கணக்குப் பிள்ளை எழுதியதுபோல் வறண்டது: போனோகிராஃபைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நாய். ராயல் அகாடமி கண்காட்சியில் இடம் கிடைக்கவில்லை. பத்திரிகைகளும் வாங்கவில்லை. போனோகிராஃப் விற்ற எடிசன் பெல் கம்பெனியிடமே கொண்டுபோனார். நாய்கள் போனோகிராஃப் கேட்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

படம் இருட்டாக இருக்கிறது, கறுப்புக் குழாய்க்குப் பதில் பளிச்சென்ற பித்தளைக் குழாய் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதனால்தான் மே மாதத்தில் மெய்டன் லேன் பயணம். இரவல் கேட்கப் போனவரின் கையிலிருந்த, ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்த மேலாளர் வில்லியம் பேரி ஓவன், படம் விலைக்கா என்று கேட்டார். விலைக்குத்தான் என்றார் பாராட். ஓவன் ஒரு நிபந்தனை போட்டார். போனோகிராஃபை அழித்துவிட்டு அதே இடத்தில் தங்கள் கிராமபோனை எழுதித் தர வேண்டும். படத்துக்கு 50 பவுண்டு, அதன் சகல உரிமைக்கும் இன்னொரு 50 பவுண்டு. பாராட் ஒப்புக்கொண்டார். உருளையும் கறுப்புக் குழாயும் சாயத்துக்குள் புதைந்தன. மேலே தட்டும் பித்தளைக் குழாயும் வந்தன. மூலப் படத்தில் வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தப் பழைய கருவியின் கோடுகள் தெரியும் என்பார்கள்.

இந்த மாற்றத்தை வெறும் விளம்பரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. எடிசனின் போனோகிராஃப் மெழுகு உருளையில் ஓடியது. அதே பெட்டி பாடவும் செய்யும், பதியவும் செய்யும். குடும்பத் தலைவர் குழாய்க்குள் பேசினால் அவர் குரல் உருளையில் ஏறும். அவர் வெளியூர் போனாலும், இறந்தே போனாலும் வீட்டார் அதைப் போட்டுக் கேட்கலாம். எமில் பெர்லினரின் கிராமபோன் அப்படியல்ல. வீட்டுக்கு வரும் கருவி தட்டை ஓட்டும், அவ்வளவுதான். பதிவு கம்பெனியின் கூடத்தில் நடக்கும். அங்கிருந்து ஒரு அச்சு செய்து ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். வியாபாரத்தில் கிராமபோன் ஜெயித்ததற்குக் காரணமே இந்த நகலெடுக்கும் வசதி. நாணயம் அடிப்பதுபோல் பாட்டை அடிக்க முடிந்தது.

எனவே படத்துக்குச் சூட்டிய புதுப் பெயர், எஜமானின் குரல் (His Master's Voice, சுருக்கமாக எச்.எம்.வி.) என்ற பெயர், பிப்ரவரிப் படத்துக்குப் பொருந்தும். அக்டோபர்ப் படத்துக்குப் பொருந்தாது. நிப்பரின் எஜமான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பாடகராக இருந்தாலொழிய அவர் குரல் அந்தத் தட்டிலிருந்து வர வழியில்லை. நாய் உட்கார்ந்திருக்கும் பளபளப்பான பரப்பு எஜமானின் சவப்பெட்டி என்று ஒரு கதையும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்கு, அழித்த கருவியின் உணர்ச்சி புதுப் படத்தில் மிச்சம் இருந்தது. ஓவனுக்குக் கிடைத்தது இதுதான்: போட்டிக் கருவியின் உருக்கமும் தன் கருவியின் படமும், ஒரே சட்டத்துக்குள்.

1900 ஜனவரியிலிருந்து படம் விளம்பரத் தாள்களில் வந்தது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று பெர்லினர் அமெரிக்காவில் அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். அங்கே விக்டர் கம்பெனி 1902 முதல் தட்டுகளின் நடுவட்டத்தில் நாயை ஒட்டியது. லண்டன் கம்பெனி மெதுவாகத்தான் நகர்ந்தது. அதன் தட்டுகளில் அதுவரை இருந்தது சிறகு விரித்து உட்கார்ந்து இறகால் தட்டில் எழுதும் தேவதை. 1909இல்தான் நாய் இங்கிலாந்துத் தட்டுகளில் ஏறியது. 1910இல் கிராமபோன் என்பது பொதுச்சொல், ஒரு கம்பெனிக்குச் சொந்தமாகாது என்று நீதிமன்றம் சொன்னது. பெயரை இழந்த கம்பெனிக்கு நாய்தான் முகவரி ஆயிற்று. 1921 ஜூலை 20 அன்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர் திறந்துவைத்த கடைக்கும் எச்.எம்.வி. என்ற மூன்றெழுத்துதான் பெயர்.

புகழ் வந்ததும் சொத்துத் தகராறும் வந்தது. அமெரிக்க நாய் விக்டருக்கும், பிறகு அதை 1929இல் வாங்கிய ஆர்.சி.ஏ.வுக்கும் போயிற்று. ஜப்பான் நாய், 1927இல் விக்டர் அங்கே தொடங்கிய ஜே.வி.சி.க்கு. ஜெர்மன் நாய்க்கு வந்த கதி இன்னும் விசித்திரம். முதல் உலகப் போரில் லண்டன் கம்பெனியின் ஜெர்மன் கிளை பகைநாட்டுச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டு, 1917இல் வேறு கைக்கு விற்கப்பட்டது. அந்த டாய்ச்ச கிராமபோன் நிறுவனம் ஜெர்மனிக்குள் நாயை வைத்துக்கொண்டது. எல்லை தாண்டி ஏற்றுமதி செய்யும்போது பாலிடார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. லண்டன்காரர்கள் ஜெர்மனியில் மறுபடி கடை விரித்தபோது தங்கள் நாயைத் தாங்களே பயன்படுத்த முடியவில்லை, 1949வரை காத்திருந்தார்கள். 1953இல் அமெரிக்காவில் தட்டு விற்கப் போன, லண்டன் கம்பெனியின் வாரிசான இ.எம்.ஐ., அங்கே நாய் பிறர் சொத்து என்பதால், ஓய்வில் இருந்த பழைய தேவதையைத் தூசி தட்டி மறுபடி வேலைக்குக் கூப்பிட்டது.

இந்தியாவுக்கு நாய் வருவதற்கு முன்பே இந்தியா அந்தத் தட்டுகளுக்குள் இருந்தது. தட்டின் கெட்டித்தன்மைக்குக் காரணம் அரக்கு; சோட்டாநாக்பூர் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரப்பது. அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் தட்டு. 1902 நவம்பரில் லண்டன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, மெழுகுப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், தட்டாகத் திரும்பி வந்தது. அரக்கும் குரலும் இங்கிருந்து போய், விலை வைத்துத் திரும்பின. யார் பாடியது என்று ஹானோவர் தொழிலாளிக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, பாட்டு முடிந்ததும் பாடகியே தன் பெயரை உரக்கச் சொல்லி முடித்தார். சென்னைக்கும் பதிவுக்காரர்கள் வந்தார்கள். சேலம் கோதாவரி போன்றவர்களின் குரல் அந்த முதல் பத்தாண்டிலேயே தட்டில் ஏறியது. அவர்கள் தட்டில் இருந்தது தேவதை. 1908இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்ததும் ஹானோவர் பயணம் நின்றது; 1928இல் ஆலை டம்டம்முக்கு மாறியது. நாய் நம் ஊர் வீடுகளில் குடியேறியது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்.

தமிழ்நாட்டில் அது தனிக்காட்டு ராஜா அல்ல. ஏவி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளோடு எதிரே நின்றது. ஆனாலும் கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரர் பெட்டியிலிருந்து எடுத்த தட்டுகளில் பல, நாய்ப் படம் போட்டவை. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ஸ்ரீ வெங்கடேச சுப்ரபாதத்தை எச்.எம்.வி. வெளியிட்டது. நாயை வாசற்படி தாண்ட விடாத ஆசார வீடுகளிலும், விடியற்காலையில் பெருமாளை எழுப்ப நாய் தட்டில் சுற்றியது. யாருக்கும் அது உறுத்தவில்லை. நாயைப் பார்ப்பதை மக்கள் எப்போதோ நிறுத்திவிட்டு, நாயைப்போலவே கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த வெற்றியில் பாராடின் பங்கு என்ன? வாழ்க்கையின் கடைசிப் பகுதியை அவர் தன் படத்தையே மறுபடி மறுபடி எழுதிக் கழித்தார். கம்பெனிகள் கேட்டுக்கொண்டபடி 24 நகல்கள். எல்லாவற்றிலும் ஆரம்பம் முதலே கிராமபோன்தான்; அழிப்பதற்கு அடியில் ஒன்றும் இல்லை. லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது; கம்பெனி பிற்காலத்தில் மனமிரங்கி ஆண்டுத்தொகை ஒன்று கொடுத்தது. 1924 ஆகஸ்ட் 29 அன்று காலமானார்.

சுப்ரபாதம் வெளிவந்த அதே 1963இல் ஃபிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தது: கேசட். அதில் பாட்டும் கேட்கலாம், பதியவும் செய்யலாம். பாராடின் சாயத்துக்கு அடியில் புதைந்த கருவிக்கு இருந்த அதே திறமை. எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கையில், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகன் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினான். வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்டு, மறுபக்கத்தில் பதில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அதே கருவிதான் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்க்கும் பதினைந்து ரூபாய்க்கும் சினிமாப் பாட்டை நகலெடுத்துத் தந்தது. யார் குரல் பதிவாகும், எத்தனை நகல் வரும், என்ன விலை என்று டம்டம் ஆலை தனியாகத் தீர்மானித்த காலம் முடிந்தது. 1985இல் இந்தியாவின் எச்.எம்.வி. கம்பெனி ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு மாறியது; 2000இல் சரிகம ஆனது.

கம்பெனிக்கு அந்த 100 பவுண்டில் கிடைத்தது நாய் என்றால், மறைந்தது பேசுகிறவன் தானே பதிந்துகொள்ளும் உரிமை. அது கடையில் விற்கும் பிளாஸ்டிக் டப்பாவாகத் திரும்பி வர ஏறக்குறைய எண்பது ஆண்டு ஆயிற்று; வந்தபோது அதைத் தடுக்க எந்த வணிகச் சின்னத்தாலும் முடியவில்லை.